பாட்டு யாருக்குச் சொந்தம்? கிராமபோன் தட்டு முதல் ஸ்ட்ரீமிங் வரை

காரைக்கால் மாவட்டம், திருநள்ளாறு கொம்யூனில் இருக்கிறது அம்பகரத்தூர். ஊருக்கு அடையாளம் பத்ரகாளியம்மன் கோயில். திருவிழா நாளில் கோயில் தெருவில் நின்றால் ஒரே நேரத்தில் மூன்று விதமான இசை காதில் விழும். குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய அம்மன் பாட்டு. சாமி புறப்பாட்டுக்கு முன்னால் நாகஸ்வரமும் தவிலும். கடை ஓரத்தில் காதில் ஹெட்போன் மாட்டிய பையனின் மொபைலில் ஏதோ ஒரு இளையராஜா பாட்டு.

இந்த மூன்றுக்கும் கணக்குப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஸ்பீக்கரில் ஓடும் பாட்டுக்கு யாரும் யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது. உண்மையான சமயச் சடங்கில் பாட்டு ஒலித்தால் அது உரிமை மீறல் ஆகாது (கல்யாண ஊர்வலமும் இதில் அடக்கம்!). நாகஸ்வரக்காரருக்கு அன்றைக்குப் பேசிய தொகை உண்டு, அதோடு சரி. மொபைலில் ஓடும் பாட்டு மட்டும்தான் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் ஒரு எண்ணாகப் பதிவாகி, மாதக் கடைசியில் சில பைசாக்களாக மாறுகிறது. அந்தப் பைசா யார் கைக்குப் போகிறது என்பதுதான் விஷயம்.

ஸ்ட்ரீமிங் வந்துதான் கலைஞர்கள் வயிற்றில் அடித்துவிட்டது என்று பலரும் பேசுகிறார்கள். பழைய கதையைப் புரட்டிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நோய் பழசு. ஆப் மட்டும்தான் புதுசு.

ஒரு காபிக்கடைத் தகராறு

1847ஆம் வருடம், பாரிஸ். எர்னஸ்ட் பூர்ழே என்ற பாட்டாசிரியர் நண்பர்களோடு ஒரு காபிக்கடைக்குப் போனார். அங்கே அவர்களுடைய பாட்டையே வாசித்துக்கொண்டிருந்தார்கள். குடித்து முடித்ததும் பில் வந்தது. "என் பாட்டுக்கு நீங்கள் காசு தரவில்லை, உங்கள் பானத்துக்கு நான் தர மாட்டேன்" என்கிற தோரணையில் பூர்ழே மறுத்துவிட்டார். வழக்கு கோர்ட்டுக்குப் போனது, பூர்ழே ஜெயித்தார். அதன் தொடர்ச்சியாக 1851ல் சாசெம் என்ற சங்கம் பிறந்தது. பொது இடத்தில் பாட்டு ஒலித்தால் வசூல் செய்து, எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கும் இந்த மாதிரி சங்கங்களுக்கெல்லாம் இதுதான் முன்னோடி.

இதற்கும் அம்பகரத்தூருக்கும் என்ன சம்பந்தம்? அப்போது காரைக்கால் பகுதியில் பறந்ததும் அதே பிரெஞ்சுக் கொடிதான். 1739ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்றுதான் இந்தியாவின் நிர்வாகத்துக்கு மாறியது. ஆனால் பூர்ழே ஜெயித்த உரிமை எழுதியவனுக்கான உரிமை. வாசிக்கிறவனுக்கானது இல்லை. நாகஸ்வர வித்வான் ஒரு ராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை செய்வார். அந்த நேரத்தில் அவரே உருவாக்குகிறார், அவரே வாசிக்கிறார், காகிதத்தில் எதுவும் இல்லை. பிரான்ஸிலேயே வாசிப்பவர்களுக்கும் பாடுபவர்களுக்கும் தனி உரிமை கொடுத்த சட்டம் 1985ல்தான் வந்தது. காபிக்கடைத் தகராறு நடந்து 138 வருடம் கழித்து!

எழுதியவன் வேறு, வாசித்தவன் வேறு என்ற இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிறைய தேவைப்படும்.

தட்டு வந்த காலம்

இந்தியாவில் வணிக ரீதியான கிராமபோன் பதிவு 1902ல் கல்கத்தாவில் தொடங்கியது. அப்போது பாடிய கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று சத்தமாகச் சொல்வார். பெருமைக்காக இல்லை. தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிந்தால்தானே சரியான லேபிள் ஒட்ட முடியும்? பெயர் தட்டில் பதிந்தது. தட்டு எத்தனை விற்றது என்ற கணக்கு கம்பெனியிடம் இருந்தது.

சென்னையில் 1930களில் ஏவி.மெய்யப்பன் கூட்டாளிகளோடு நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் போன்றவை தட்டு வியாபாரத்தில் இறங்கின. அதே காலத்தில் பேசும் படமும் வந்துவிட்டது. 1935ல் வந்த 'பக்த நந்தனார்' படத்துக்காக கே.பி.சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்பது இன்றும் வியப்போடு சொல்லப்படும் செய்தி. அடேங்கப்பா என்று தோன்றும். ஆனால் காமர்ஸ் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அது எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் ஒருமுறைத் தொகை. சம்பளம் வாங்கியவர் கணக்கு அன்றோடு குளோஸ். படமும் பாட்டும் தயாரிப்பாளர் புத்தகத்தில் சொத்தாக ஏறிவிடும், பிற்பாடு வருஷா வருஷம் அது வருமானம் கொடுத்துக்கொண்டே இருக்கும். சினிமாப் பாட்டுக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

சினிமாவுக்கு வெளியே நிலைமை கொஞ்சம் வேறு. எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதத்தின் வருமானம் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார். அவருடைய பல தட்டுகளின் ராயல்டி இப்படித் தர்மத்துக்குப் போனது. எல்லோரும் அவருடைய தர்ம குணத்தைப் பாராட்டுவோம், பாராட்டவும் வேண்டும். ஆனால் தானம் கொடுக்கவும் முதலில் ராயல்டி என்று ஒன்று வர வேண்டுமே! சினிமாவில் பாடிய பெரும்பாலானோருக்குத் தானம் கொடுக்கக்கூட அப்படி ஒன்று கிடையாது.

இதைப் பம்பாயில் கேட்டவர் லதா மங்கேஷ்கர். 1960களின் தொடக்கத்தில் பாடகர்களுக்கும் ராயல்டி வேண்டும் என்றார். பாடினோம், சம்பளம் வாங்கினோம், அதோடு முடிந்தது என்றார் முகமது ரஃபி. இரண்டு பேரும் சில வருடங்கள் சேர்ந்து பாடவே இல்லை. பின்னால் சமாதானம் ஆனது. இருவருமே நல்ல மனிதர்கள்தான். ஆனால் ரஃபியின் பெருந்தன்மையால் லாபம் அடைந்தது அவரைப் போன்ற இன்னொரு பாடகர் இல்லை, தட்டுக் கம்பெனிதான்.

1977

இந்த வரலாற்றில் ரொம்ப முக்கியமான வருடம் இதுதான். சட்டம் படிக்காதவர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பாரிஸில் இருந்த மாதிரி ஒரு வசூல் சங்கம் இந்தியாவில் 1969ல் தொடங்கப்பட்டது. பெயர் ஐ.பி.ஆர்.எஸ். தியேட்டர், ஹோட்டல், வானொலி என்று பாட்டு ஒலிக்கும் இடங்களில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் பணம் வாங்கித் தருவோம் என்று கட்டணப் பட்டியல் போட்டார்கள். தயாரிப்பாளர் சங்கங்கள் எதிர்த்தன. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய பாட்டுக்கு மறுபடியும் காசா என்பது அவர்கள் கேள்வி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1977ல் தீர்ப்பு வந்தது. தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் படத்துக்காகப் பாட்டு செய்யச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அந்தப் பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே.

"வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்" என்பது காகிதத்தில் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் வாய்ப்புக்காகக் கோடம்பாக்கத்தில் வாசல் வாசலாக ஏறி இறங்கும் ஒரு புது ஆள் எந்தத் தயாரிப்பாளரிடம் போய் உரிமையைத் தன் பெயரில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க முடியும்?

அந்தத் தீர்ப்பில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பும் எழுதினார். நம் நாட்டு இசையில் பாடுகிறவர்தான் உயிர் கொடுக்கிறார், சட்டமோ எழுதப்பட்ட இசையை மட்டும் பாதுகாத்துவிட்டுப் பாடகரைக் கைவிட்டிருக்கிறது, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்போதிருந்த சட்டத்தில் 'இசைப் படைப்பு' என்றாலே எழுதப்பட்ட அல்லது அச்சிடப்பட்ட ஸ்வரக் கோர்வைதான். காகிதமே இல்லாமல் ராகம் வளர்க்கும் நாகஸ்வரக்காரரை நினைத்துப் பாருங்கள். நாடாளுமன்றம் 'கவனிக்க' 17 வருடம் ஆனது. 1994 திருத்தத்தில் பாடகர், வாசிப்பவர் ஆகியோருக்கு உரிமை வந்தது. ஆனால் சினிமாவில் இடம்பெறச் சம்மதித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்று கூடவே ஒரு விதி. தமிழ்நாட்டில் சினிமாவை விட்டால் பாட்டு ஏது? ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொண்டார்கள்.

ராஜாவும் பாலுவும்

'அன்னக்கிளி' வெளியானது 1976. மேற்படி தீர்ப்பு வந்தது 1977. அதாவது இளையராஜாவின் பொற்காலம் முழுவதும் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நடந்தது. கேசட் புரட்சி வந்தது. கிராமத்துக்குக் கிராமம் டேப் ரெக்கார்டர் வந்தது. பஸ்ஸில், டீக்கடையில், கல்யாண வீட்டில் எங்கும் அவர் பாட்டு. காரைக்கால் பண்பலையைத் திறந்தால் அறிவிப்பாளர் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்வார். (வானொலி அறிவிப்பாளர்கள் செய்த மரியாதையை இன்றைய ஆப்கள்கூட ஒழுங்காகச் செய்வதில்லை.) பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்தது. சொத்து வேறு இடத்தில் இருந்தது.

2012ல் சட்டம் பெரிதாக மாறியது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காக உள்ளேயும் வெளியேயும் போராடினார். இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும், தியேட்டருக்கு வெளியே பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது! பாடகர்களுக்கும் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு என்றானது. பாடகர்களுக்கென்று இஸ்ரா என்ற சங்கமும் பதிவானது. 2016ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் கேளிக்கை விடுதிகளுக்கு எதிராக வழக்குப் போட்டு ஜெயித்தார்கள்.

இந்தப் பின்னணி தெரியாமல் 2017 மார்ச் மாத சண்டையைப் புரிந்துகொள்ள முடியாது. அமெரிக்காவில் இசைப் பயணத்தில் இருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ். அனுமதி இல்லாமல் மேடையில் தன் பாட்டுகளைப் பாடக்கூடாது என்று. இப்படி ஒரு சட்டம் இருப்பது தனக்குத் தெரியாது, சட்டம் அதுதான் என்றால் கட்டுப்படுகிறேன், இனி ராஜாவின் பாட்டுகளைப் பாடப் போவதில்லை என்று எஸ்.பி.பி. ஃபேஸ்புக்கில் எழுதினார். தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ராஜாவுக்குப் பேராசை என்று ஒரு கோஷ்டி. அவர் பாட்டு, அவர் உரிமை என்று இன்னொரு கோஷ்டி.

இரண்டு கோஷ்டியும் ஒன்றைக் கவனிக்கவில்லை. பல வருடங்களாக அந்தப் பாட்டுகள் கேசட்டாக, சிடியாக விற்றபோது வந்த பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பாட்டை உருவாக்கிய இருவர் மோதிக்கொள்ள, பாட்டின் உரிமையை வைத்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். 2019 ஜூனில் இருவரும் சென்னையில் ஒரே மேடையில் நின்றார்கள். ரசிகர்களுக்கு அது போதும். அதே மாதம் எக்கோ, அகி மியூசிக் ஆகிய நிறுவனங்கள் சம்பந்தப்பட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அனிதா சுமந்த் தீர்ப்பு அளித்தார். படைத்தவருக்குத் தன் இசை மீது தார்மீக உரிமை உண்டு, தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்கிய ஒலிப்பதிவு உரிமையும் செல்லும் என்று இரு பக்கமும் பார்த்த தீர்ப்பு. மேல்முறையீட்டுக்குப் போனது.

ஸ்ட்ரீமிங் கணக்கு

சரி, இப்போது மொபைலுக்கு வருவோம். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது, அப்போது மாதச் சந்தா 119 ரூபாயாக இருந்தது. அதற்கு முன்பே சாவன், கானா, விங்க் எல்லாம் இருந்தன. (விங்க் 2024ல் மூடப்பட்டது.)

ஒரு தடவை கேட்டால் இத்தனை பைசா என்று நிர்ணயித்த விலை ஸ்பாட்டிஃபையில் கிடையாது. சந்தாவும் விளம்பரமும் சேர்ந்த வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்கு என்று ஒதுக்குகிறார்கள். அந்தத் தொகையை, மொத்தம் ஓடிய பாட்டுகளில் யாருடைய பாட்டு எத்தனை சதவீதம் ஓடியதோ அந்த விகிதத்தில் பிரிப்பார்கள். வசதிக்காக ஒரு கணக்கு. ஒரு மாதம் ஒதுக்கிய தொகை 1 கோடி ரூபாய், மொத்தம் ஓடியது 10 கோடி தடவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 10 பைசா. ஒரு பாட்டு 1 லட்சம் தடவை ஓடினால் 10,000 ரூபாய். அதுவும் முதலில் ஒலிப்பதிவை வைத்திருக்கும் கம்பெனிக்கும், இசை மற்றும் வரிகளின் உரிமைக்காரர்களுக்கும் போகும். பாடியவர் ஒருமுறைச் சம்பளத்தில் பாடியிருந்தால் அவர் ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அம்பகரத்தூரில் ஒருவர் சந்தா கட்டிவிட்டு மாதம் முழுக்க நாகஸ்வரம் மட்டும் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் காசு நாகஸ்வரத்துக்குப் போகாது. பொதுக் குடத்தில் விழும். நாட்டில் அதிகம் ஓடிய சினிமாப் பாட்டுக்குத்தான் அதில் பெரும்பகுதி. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் வருடத்துக்கு 1,000 தடவை ஓடாத பதிவுக்கு ஒன்றுமே கிடையாது. கேட்பவர் கட்டும் காசு அவர் கேட்ட கலைஞருக்கே போகட்டும் என்ற முறையை சவுண்ட்கிளவுட் 2021ல் கொண்டு வந்தது. பெரிய கம்பெனிகள் இன்னும் அந்தப் பக்கம் முழுதாக வரவில்லை. அதே 2021ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று ஸ்ட்ரீமிங் பங்கீட்டையே அடியோடு மாற்றி அமைக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது.

இந்தியாவில் விலை பேசும் இடத்தில் இருப்பவர்கள் இரண்டே பேர்: ஆப், இசைக் கம்பெனி. வானொலிக்கு இருப்பதுபோல அரசு அமைப்பு விலை நிர்ணயிக்கும் வசதி தங்களுக்கும் வேண்டும் என்று விங்க் கேட்டது. டிப்ஸ் கம்பெனி எதிர்த்தது. 2019ல் பம்பாய் உயர் நீதிமன்றம் இணையத்துக்கு அது பொருந்தாது என்றது, 2022ல் டிவிஷன் பெஞ்சும் அதை உறுதி செய்தது. ஜெயித்தது இசைக் கம்பெனி. அந்த வெற்றியில் பாடகருக்கு எவ்வளவு என்பது வழக்கிலேயே இல்லை.

மூன்று பங்கு

சினிமாவை விட்டு வெளியே வந்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பிக்கை கொடுத்த பாட்டு 'எஞ்சாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் மாஜா என்ற புது நிறுவனம் வெளியிட்டது. கலைஞர்களுக்கான தளம் என்ற அறிமுகத்தோடு, ஏ.ஆர்.ரஹ்மான் ஆதரவோடு வந்த நிறுவனம். சந்தோஷ் நாராயணன், அறிவு, தீ மூன்று பேரின் பாட்டு. நிலத்தில் உழைத்தும் நிலம் சொந்தமில்லாமல் போனவர்களின் நினைவுதான் அதன் கரு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் சொன்ன இலங்கைத் தேயிலைத் தோட்டக் கதைகளிலிருந்து பிறந்தது. யூடியூபில் 40 கோடி பார்வைகளைத் தாண்டியது.

முதல் சண்டை காசுக்காக வரவில்லை, பெயருக்காக வந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் கண்டித்தார். பிறகு அறிவுக்குத் தனி டிஜிட்டல் அட்டை வந்தது. 2022ல் செஸ் ஒலிம்பியாட் மேடையில் அறிவு இல்லாமல் பாட்டு பாடப்பட்டபோது மறுபடியும் விவாதம். அப்போது சந்தோஷ் நாராயணன் வருமானமும் உரிமையும் மூவருக்கும் சம பங்கு என்று விளக்கம் கொடுத்தார்.

2024 மார்ச்சில், பாட்டு வெளிவந்து மூன்று வருடம் ஆன சமயத்தில், அவரே ஒரு வீடியோ போட்டார். அந்தப் பாட்டின் மூலம் தங்களுக்கு இதுவரை ஒரு பைசாகூட வரவில்லை என்றார். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. யார் சொல்வது சரி என்று கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் வெளியாட்கள் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் கௌஹர் ஜான் காலத்திலிருந்து பார்த்தால் இது பழகிய காட்சிதான். எத்தனை பேர் கேட்டார்கள் என்று இப்போது யார் வேண்டுமானாலும் திரையில் பார்க்கலாம். எவ்வளவு பணம் வந்தது என்பதைப் பார்க்கும் பாஸ்வேர்டு மட்டும் பாடியவரிடம் இருப்பதில்லை.

டைட்டிலில் இல்லாதவர்கள்

இதுவரை பேசியதெல்லாம் பெயர் தெரிந்தவர்கள் கதை. இளையராஜா பாட்டில் வரும் அந்த வயலின் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கெல்லாம் கால்ஷீட் கணக்கில் சம்பளம். அந்தச் சம்பளமாவது ஒழுங்காகக் கிடைக்கக் காரணம் சங்கம். சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் அமைக்க முன்னின்றவர்களில் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் முக்கியமானவர். அவருடைய பாட்டுகளுக்கு இணையாக இதையும் பேச வேண்டும்.

2012 சட்டம் வாசிப்பவர்களுக்கும் ராயல்டி உண்டு என்கிறது. ஆனால் அதிலேயே ஒரு நிபந்தனை. படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாக இருந்து, வழக்கமாக டைட்டிலில் எங்கும் பெயர் போடப்படாதவராகவும் இருந்தால் அவரைச் சட்டப்படி 'கலைஞர்' என்று கருத வேண்டியதில்லை. கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்களை மனதில் வைத்து எழுதியதாகத்தான் தெரிகிறது. இருந்தாலும் பெயர் போடாத வயலின்காரர் உரிமை கேட்டு வந்தால், இந்த வரியைக் காட்ட ஒரு வக்கீலாவது இருக்க மாட்டாரா என்ன :-)

அம்பகரத்தூர் மாதிரி ஊர்த் திருவிழாக்களில் இப்போது புறப்பாட்டுக்கு முன்னால் பத்து பேராவது மொபைலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நாகஸ்வரமும் தவிலும் மல்லாரி வாசிக்க வாசிக்கவே வீடியோ யூடியூபுக்குப் போய்விடுகிறது. சேனல் வைத்திருப்பவர் பெயர் மேலே இருக்கும். கோயில் பெயர், ஊர் பெயர், தேதி எல்லாம் இருக்கும். விளம்பரமும் ஓடும். வாசித்தவர் யார் என்று கீழே கமெண்டில் யாராவது கேட்டிருப்பார்கள். பெரும்பாலும் அதற்குப் பதில் இருக்காது.